கோரஸை வெட்டாதீர்கள்: கிரேக்க நாடகம் மேடையேற்றுவோருக்கு ஒரு திறந்த மடல்

கிரேக்கத் துன்பியல் நாடகங்களை மேடையேற்றும் இயக்குநர்களுக்கும், அவற்றை மாணவர்களுக்குக் கற்பிக்கும் நாடக ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

ஈஸ்கிலஸ், சோஃபக்ளிஸ், யூரிப்பிடிஸ் மூவரின் நாடகங்களையும் நெடுநாளாக வாசித்துவருகிறவன், வாய்ப்புக் கிடைத்தால் மேடையில் போய்ப் பார்க்கிறவன் என்ற உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன். 2400 வருடங்களுக்கு முன்பு எழுதப்பட்ட ஒன்றை எடுத்து, மொழிபெயர்ப்புத் தேடி, ஆள் சேர்த்து, இரவெல்லாம் ஒத்திகை பார்த்து மேடைக்குக் கொண்டுவருகிறீர்கள். அந்த உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அதனால்தான் கேட்கிறேன். நாடகத்தில் கூட்டமாகப் பாடி ஆடும் குழுவான கோரஸைத் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

நாடகத்தை ஒன்றரை மணி நேரத்துக்குள் அடக்க வேண்டும் என்று வந்துவிட்டால் கத்தரி முதலில் போகும் இடம் கோரஸின் பாட்டுகள்தான். பதினைந்து பேர் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று பேர் நிற்கிறார்கள். பாட வேண்டியதை ஒப்பிக்கிறார்கள். சில மேடைகளில் அவர்களும் இல்லை, முன்கூட்டியே பதிவுசெய்த குரல் ஒன்று ஒலிபெருக்கியில் வருகிறது. இன்னும் சிலவற்றில் ஒரே ஒரு கதைசொல்லி வந்து, பாட்டின் சாரத்தை நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுகிறார். இதற்கெல்லாம் நீங்கள் சொல்லும் காரணங்கள் எனக்கும் தெரியும். ஆள் கிடைப்பதில்லை. பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் ஒத்திகைக்கு வருவதில்லை. புராணப் பெயர்கள் நிறைந்த அந்தப் பாட்டுகள் பார்வையாளர்களுக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற பயம் வேறு. காரணங்கள் உண்மையானவை. ஆனால் அந்த நாடகம் எதிலிருந்து முளைத்தது என்று பார்த்தால், வெட்டிப் போடுவது எதை என்பது தெரியும்.

நடிகர் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே கோரஸ் இருந்தது. டயோனிசஸ் தெய்வத்துக்காகக் கூட்டமாகப் பாடி ஆடும் டிதிராம்ப் என்ற பாட்டைப் பற்றி, கி.மு. 7ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஆர்க்கிலோக்கஸே பேசுகிறார். மதுவின் இடி மூளையில் இறங்கிய நிலையில் அந்தப் பாட்டைத் தலைமையேற்றுத் தொடங்கத் தனக்குத் தெரியும் என்று பெருமைப்படுகிறார். ஆரியன் என்ற இசைஞர் கொரிந்த் நகரில் டிதிராம்பை ஒழுங்கான வடிவத்தில் இயற்றிப் பயிற்றுவித்தார் என்று வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். சிக்கியோன் ஊரில் அத்ரஸ்டஸ் என்ற வீரனின் துன்பங்களைக் கோரஸ்கள் பாடிவந்ததையும், அந்த ஊரை ஆண்ட கிளைஸ்தனிஸ் அந்தக் கோரஸ்களை டயோனிசஸுக்கு மாற்றிக்கொடுத்ததையும் அவரே சொல்கிறார். ஒரு வீரனின் துன்பத்தை ஊர் கூடிப் பாடுவது என்ற பழக்கம், நடிகர் என்ற ஒருவர் வருவதற்கு முன்பே அங்கே இருந்தது.

அரிஸ்டாட்டிலும் அதைத்தான் சொல்கிறார். டிதிராம்பைத் தொடங்கிவைத்த தலைவர்களிடமிருந்து துன்பியல் நாடகம் வளர்ந்தது என்பது அவர் கணிப்பு. தலைவர் ஒரு வரி பாட, கூட்டம் பதில் பாடும். அந்தத் தலைவர் ஒரு நாள் பாட்டை நிறுத்திவிட்டு, வேறொருவராகப் பேசத் தொடங்கினால் அதுதான் நாடகம். இக்காரியா என்ற ஊரைச் சேர்ந்த தெஸ்பிஸ் இதைச் செய்தார் என்று ஏதென்ஸின் மரபு நம்பியது. காலம் கி.மு. 534 வாக்கில் என்றும் அந்த மரபு குறித்துவைத்தது. நகரம் அப்போது பெய்சிஸ்ட்ராட்டஸின் ஆட்சியில் இருந்தது.

ஆசிரியர்களிடம் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் பாடக் குறிப்புகள் பெரும்பாலும் தெஸ்பிஸில்தான் தொடங்குகின்றன. தெஸ்பிஸ் ஒரு நடிகரைக் கொண்டுவந்தார், ஈஸ்கிலஸ் இரண்டாமவரைச் சேர்த்தார், சோஃபக்ளிஸ் மூன்றாமவரைச் சேர்த்தார். தேர்வில் எழுத வசதியான வரிசை. தகவலும் சரிதான், இரண்டாமவர், மூன்றாமவர் பற்றியது அரிஸ்டாட்டிலே தந்தது. ஆனால் இப்படிக் கற்கும் மாணவர் மனத்தில் வெறும் மேடையில் ஒருவர் நின்றார், அப்புறம் இருவர், அப்புறம் மூவர் என்ற படமே பதிகிறது. உண்மையில் அந்த ஒற்றை நடிகருக்கு எதிரே கோரஸ் நின்றுகொண்டிருந்தது. அவர் பேசியது அதனிடம்தான். இரண்டாமவர் வரும்வரை நாடகத்தின் உரையாடல் முழுவதும் ஒரு மனிதருக்கும் ஒரு கூட்டத்துக்கும் இடையில் நடந்தது. இதைச் சொல்லாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக் காட்டினால், அதைக் கற்று வளரும் மாணவர் பிற்பாடு இயக்குநராகும்போது கோரஸைப் பக்கவாத்தியமாக நினைப்பதில் வியப்பில்லை.

ஏதென்ஸ் நகரம் கோரஸை எப்படி நடத்தியது என்பதையும் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். வசந்த காலத்தில் நடந்த பெரிய டயோனிசஸ் விழாவில் துன்பியல் கவிஞர்கள் மூவர் போட்டியிட்டார்கள். ஒவ்வொருவரும் மூன்று துன்பியல் நாடகங்களும் சாட்டிர் நாடகம் என்ற கேலி நாடகம் ஒன்றும் தர வேண்டும். போட்டியில் இடம் வேண்டுமானால் கவிஞர் ஆர்கோன் என்ற அதிகாரியிடம் போய்க் கேட்பது ஒன்றுதான்: எனக்கு ஒரு கோரஸ் கொடுங்கள். அவர் தேர்ந்தெடுக்கும் கவிஞருக்குக் கோரஸ் கொடுப்பார். கோரஸ் கிடைத்தால் நாடகம் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை.

கோரஸின் செலவை ஏற்க ஒரு செல்வந்தர் நியமிக்கப்படுவார். அவருக்குக் கொரேகோஸ் என்று பெயர். பயிற்சி, உடை, உணவு எல்லாம் அவர் பொறுப்பு. நடிகர்களின் சம்பளத்தை நகரம் பார்த்துக்கொள்ளும். கி.மு. 472இல் ஈஸ்கிலஸின் 'பாரசீகர்கள்' அரங்கேறியபோது செலவை ஏற்றவர் பின்னாளில் ஏதென்ஸின் தலைவரான பெரிக்ளிஸ், அப்போது இளைஞர். லிசியஸ் எழுதித் தந்த ஒரு நீதிமன்ற உரையில், தன் தாராளத்தைக் காட்ட வேண்டிய ஒரு மனிதர் கணக்குச் சொல்கிறார். கி.மு. 411-410இல் ஒரு துன்பியல் கோரஸுக்கு 30 மினா, அதாவது 3000 டிராக்மா செலவிட்டாராம். அதே காலத்தில் எரெக்தியன் கோயில் கட்டுமானத்தில் ஒரு தொழிலாளியின் நாள் கூலி ஒரு டிராக்மா. எட்டு வருடத்துக்கு மேற்பட்ட கூலியை ஒரே விழாவில் ஒரே கோரஸுக்குக் கொட்டியிருக்கிறார்கள்.

அன்டிஃபோன் எழுதிய இன்னொரு வழக்குரையில் ஒரு கொரேகோஸ் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். தார்கேலியா விழாவுக்காகச் சிறுவர் கோரஸ் ஒன்றைத் தன் வீட்டிலேயே, பயிற்சிக்கு ஏற்ற இடத்தை ஒதுக்கித் தயார் செய்திருக்கிறார். குரல் நன்றாக வர வேண்டும் என்று ஒரு சிறுவனுக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். குடித்த சிறுவன் இறந்துபோகிறான். வருத்தமான வழக்கு. ஒரு கோரஸ் நன்றாகப் பாட வேண்டும் என்பதற்காக அந்த மக்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதை அந்த உரை காட்டிவிடுகிறது.

ஆட்கள் எத்தனை பேர் என்று கணக்குப் பாருங்கள். அந்த விழாவில் டிதிராம்ப் போட்டியும் உண்டு. நகரின் பத்துக் குலங்களும் தலா 50 ஆண்கள், 50 சிறுவர்கள் என்று இரண்டு கோரஸ்களை அனுப்பும். அதுவே 1000 பேர். துன்பியல் கோரஸில் முதலில் 12 பேர், சோஃபக்ளிஸ் காலத்தில் 15 பேர். கி.மு. 486இல் சேர்க்கப்பட்ட இன்பியல் போட்டியில் ஒவ்வொரு கோரஸிலும் 24 பேர். எல்லாம் சேர்த்தால் ஒவ்வொரு வசந்தத்திலும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாதக்கணக்கில் பயின்று பாடி ஆடினார்கள். இவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் கிடையாது. ஊர்க் குடிமக்கள். இந்த விழாக் கோரஸில் வெளியூரார் ஆடக் கூடாது என்பது விதி. பயிற்சியில் இருப்பவர்களுக்குப் படைச் சேவையிலிருந்து விலக்குக் கூட உண்டு. ஆகவே அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் மரப்பலகைகளில் உட்கார்ந்து பார்த்தவர்களில் எத்தனையோ பேர் தாங்களே ஏதோ ஒரு வருடம் அந்த ஆடுகளத்தில் கால் பதித்தவர்கள். கோரஸைப் பார்க்கும்போது தங்களையே பார்த்தார்கள். பிளேட்டோ தன் 'சட்டங்கள்' நூலில், கோரஸில் பயிலாதவன் கல்வி பெறாதவன் என்று பேசவைப்பது இந்தச் சூழலில்தான்.

ஏதென்ஸ் போகிறவர்கள் அக்ரோபோலிஸுக்குக் கிழக்கே பிளாக்கா பகுதியில் லிசிக்ரடீஸின் நினைவுச் சின்னத்தை இன்றும் பார்க்கலாம். கி.மு. 335-334இல் ஒரு சிறுவர் டிதிராம்ப் கோரஸ் வென்றதற்காக எழுப்பியது. செலவு செய்தவர், வென்ற குலம், குழல் வாசித்தவர், பயிற்சி கொடுத்தவர், அந்த வருடத்து ஆர்கோன் என்று எல்லோர் பெயரும் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பாட்டுக்குழுவின் வெற்றிக்குப் பளிங்கில் கோபுரம் கட்டிய ஊர் அது.

சரி, இதெல்லாம் வரலாறு, மேடைக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். நாடகங்களுக்கே வருகிறேன்.

நமக்கு முழுதாகக் கிடைத்த துன்பியல்களில் பழமையானது 'பாரசீகர்கள்'. அதில் எந்த நடிகரும் வருவதற்கு முன் கோரஸ் உள்ளே வந்துவிடுகிறது. படை போய்விட்டது, செய்தி இல்லை என்று பாரசீக முதியவர்கள் தளபதிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பாடுகிறார்கள். அந்தப் பெயர்கள் புரியாது என்று வெட்டிவிட்டால், பிறகு தூதன் வந்து யார் யார் செத்தார்கள் என்று சொல்லும்போது அந்தப் பட்டியல் யாரையும் தொடாது. கடைசியில் தோற்றுத் திரும்பிய செர்க்ஸஸ் மன்னன் அழுவதும் தனியாக இல்லை. அவன் ஒரு வரி கதற, கோரஸ் ஒரு வரி கதறுகிறது. மாராத்தானில் பாரசீகருக்கு எதிராகப் போரிட்ட ஈஸ்கிலஸ், எதிரியின் ஒப்பாரியை ஏதென்ஸ் குடிமக்களைக் கொண்டே பாடவைத்தார். அப்போது அரங்கத்தில் இருந்தவர்களில் பலர் சலாமிஸ் கடற்போரில் துடுப்புப் போட்டவர்கள். போர் முடிந்து எட்டு வருடம்தான் ஆகியிருந்தது.

'அகமெம்னன்' நாடகத்துக்கு வாருங்கள். இது ஓரெஸ்தியா முத்தொகுப்பின் முதல் நாடகம், கி.மு. 458. டிராய் வீழ்ந்த செய்தி தீப்பந்தங்களின் வழியே ஒரே இரவில் ஆர்கோஸுக்கு வந்துவிடுகிறது. ஆனால் படை கடல் கடந்து வர நாளாகும். அந்த நாள்கள் எங்கே கழிகின்றன? கோரஸின் பாட்டில். பாட்டு முடியும்போது தூதன் வந்து நிற்கிறான், பார்வையாளருக்கு உறுத்துவதே இல்லை. பாட்டை எடுத்துவிட்டால் கதையில் ஓட்டை விழும். அந்த ஓட்டையை விளக்கை அணைத்துப் போட்டு அடைக்க வேண்டியிருக்கும்.

அதே நாடகத்தில் அரண்மனைக்குள்ளிருந்து மன்னனின் சாவுக் குரல் கேட்கிறது. வெளியே கோரஸ். அதுவரை ஒரே வாயாகப் பாடிய முதியவர்கள் அந்தக் கணத்தில் சிதறுகிறார்கள். பன்னிரண்டு பேர், ஆளுக்கு இரண்டு வரி. ஊரைக் கூட்டுவோம் என்கிறார் ஒருவர். உடனே உள்ளே பாய்வோம் என்கிறார் இன்னொருவர். உறுதியாகத் தெரியாமல் பேசக் கூடாது என்கிறார் மற்றொருவர். பேசிக்கொண்டிருக்கும்போதே கதவு திறக்கிறது, பிணத்தோடு மன்னனின் மனைவி கிளைட்டம்னெஸ்ட்ரா நிற்கிறாள். ஒரு ஊரின் பெரிய மனிதர்கள் நெருக்கடியில் எப்படிச் செயலற்றுப் போவார்கள் என்பதை இதைவிட நேராக மேடையில் காட்டிய இடம் எனக்குத் தெரியாது. இரண்டு பேரை நிறுத்தி இதைச் செய்ய முடியாது. ஒன்றாக இருந்த கூட்டம் உடைவது தெரிய வேண்டுமானால், முதலில் ஒன்றாக இருந்த கூட்டம் ஒன்று வேண்டும்.

யூரிப்பிடிஸின் 'மெடியா'வில் இது வேறு விதம். கொரிந்த் நகரப் பெண்களிடம் மெடியா ஆரம்பத்திலேயே வாக்கு வாங்கிவிடுகிறாள்: நான் செய்யப்போவதை யாரிடமும் சொல்லாதீர்கள். அவர்களும் ஒத்துக்கொள்கிறார்கள். கணவன் செய்த துரோகம் அவர்களுக்குப் புரிகிறது. பிற்பாடு அவள் திட்டம் பிள்ளைகளைக் கொல்வது வரை போகும்போது மன்றாடுகிறார்கள். உள்ளே குழந்தைகள் அலறுகின்றன. வீட்டுக்குள் நுழைந்து தடுக்கலாமா என்று கோரஸ் கேட்டுக்கொள்கிறது. நுழைவதில்லை. முதலில் இரக்கப்பட்டு வாக்குக் கொடுத்தவர்கள் அரங்கம் முழுக்க உட்கார்ந்திருக்கும் நாமும்தான். கோரஸ் இல்லாத 'மெடியா'வில் ஒரு பெண் தன் பிள்ளைகளைக் கொல்கிறாள், நாம் வெளியிலிருந்து பார்க்கிறோம், அவ்வளவுதான்.

சோஃபக்ளிஸின் 'ஈடிபஸ் மன்னன்' நாடகத்தில் ஒரு பாட்டு. தெய்வ வாக்கெல்லாம் பொய்யாகிவிடும்போல் இருக்கிறது, அரசி அதை ஏளனமாகவே பேசிவிட்டாள். தீபஸ் முதியவர்கள் கலங்கிப் பாடுகிறார்கள். இப்படிப்பட்ட செயல்களுக்கே மதிப்பு என்றால் நான் எதற்கு ஆட வேண்டும் என்று நடுவில் கேட்கிறார்கள். தெய்வத்துக்காக நடக்கும் விழாவில், தெய்வத்தின் முன் ஆடிக்கொண்டே, ஆடுகிற கால்கள் அப்படிக் கேட்கின்றன. ஆட்டமே இல்லாத மேடையில் இந்த வரிக்கு என்ன பொருள் இருக்க முடியும்? இந்த நாடகத்தை எத்தனையோ பேர் ஒரு துப்பறியும் கதைபோலச் செய்கிறார்கள். கேள்வி, சாட்சி, அதிர்ச்சி என்று வேகமாகப் போகிறது. அந்த வேகத்துக்காக இந்தப் பாட்டைத்தான் முதலில் எடுக்கிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம்.

பாட்டு புரியாது என்ற பயத்துக்கு அந்தக் காலத்தவரின் அனுபவமே பதில் சொல்லும். அவர்கள் மனத்தில் நின்றவை பாட்டுகள்தான். அரிஸ்டோஃபனீஸின் 'குளவிகள்' நாடகத்தில் கிழட்டு நடுவர்கள் விடியலுக்கு முன் விளக்கோடு நீதிமன்றம் போகும்போது, பல பத்தாண்டுகளுக்கு முந்தைய ஃபிரினிக்கஸின் நாடகப் பாட்டுகளை முனகிக்கொண்டு போகிறார்கள். கி.மு. 413இல் சிசிலியில் ஏதென்ஸ் படை அழிந்தது. பிடிபட்டவர்களில் சிலர் யூரிப்பிடிஸின் வரிகளை நினைவிலிருந்து சொல்லிக்கொடுத்து விடுதலை பெற்றார்கள் என்றும், போருக்குப் பின் அலைந்தவர்கள் அவர் பாட்டுகளைப் பாடி உணவும் தண்ணீரும் பெற்றார்கள் என்றும் புளூட்டார்க் எழுதுகிறார்.

அவரே சொல்லும் இன்னொரு நிகழ்ச்சியை நீங்கள் அவசியம் உங்கள் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். கி.மு. 404இல் ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவிடம் தோற்றுச் சரணடைந்தது. நகரை இடித்துத் தள்ளி ஆடு மேய்க்கும் நிலமாக விட்டுவிடலாம் என்று தீபஸ்காரர் ஒருவர் முன்மொழிந்தார். அப்புறம் தலைவர்கள் கூடியிருந்த விருந்தில் ஃபோக்கிஸ் நாட்டுக்காரர் ஒருவர் யூரிப்பிடிஸின் 'எலெக்ட்ரா'விலிருந்து கோரஸின் முதல் பாட்டைப் பாடினார். அகமெம்னனின் மகளே, உன் குடிசை முற்றத்துக்கு வந்தேன் என்று ஊர்ப் பெண்கள் அவளை ஹேரா தெய்வத்தின் விழாவுக்கு அழைக்கும் பாட்டு அது. அரசகுமாரியாகப் பிறந்தவள் கந்தலோடு நின்று, ஆட வரமாட்டேன் என்கிறாள். கேட்டவர்கள் மனம் இளகியதாம். இப்படிப்பட்டவர்களைப் பெற்ற நகரை அழிப்பது கொடுமை என்று தோன்றியதாம். ஏதென்ஸை ஸ்பார்ட்டா விட்டுவைத்ததற்கு வேறு காரணத்தையும் வரலாற்றாசிரியர் செனஃபோன் எழுதியிருக்கிறார்: கிரேக்கத்தின் பேராபத்துக் காலத்தில் அந்த நகரம் செய்த சேவை. இருக்கட்டும். ஒரு நகரம் பிழைத்ததற்கு ஒரு கோரஸ் பாட்டைக் காரணமாகச் சொல்ல முடிந்ததென்றால், அந்தப் பாட்டுகளை அவர்கள் எங்கே வைத்திருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் தரப்பில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. கிரேக்கர்களே பின்னால் கோரஸைக் கைவிட்டார்களே? உண்மைதான். கி.மு. 449இலிருந்து நடிகர்களுக்குத் தனிப் பரிசு வந்தது. 386இல் பழைய நாடகங்களை மீண்டும் மேடையேற்றத் தொடங்கினார்கள், பெயர்பெற்ற நடிகர்களின் செல்வாக்கு வளர்ந்தது. அகத்தான் என்ற கவிஞர் கதையோடு தொடர்பில்லாத இடைப்பாட்டுகளைப் புகுத்தினார். இன்பியல் கவிஞர் மெனாண்டரின் காலத்துக்கு வரும்போது கோரஸுக்கு வரிகளே எழுதப்படவில்லை. கி.மு. 316இல் அரங்கேறிய அவருடைய 'முசுடு' நாடகத்தின் ஏட்டில், அங்கங்களுக்கு இடையே இங்கே கோரஸ் என்ற குறிப்பு மட்டும் நிற்கிறது. எந்தப் பாட்டையும் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் மெனாண்டர் கோரஸ் இல்லாமல் நிற்கும்படியே தன் நாடகத்தைக் கட்டினார். அவர் வீட்டுக்குத் தூண்கள் வேறு. ஈஸ்கிலஸும் சோஃபக்ளிஸும் அப்படிக் கட்டவில்லை. அந்த மாற்றத்தை நேரில் பார்த்த அரிஸ்டாட்டிலே அதை ஏற்கவில்லை. கோரஸை நடிகர்களில் ஒருவராகவே கொள்ள வேண்டும், அது முழுமையின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும், செயலில் பங்கெடுக்க வேண்டும், சோஃபக்ளிஸ் செய்வதுபோல என்று எழுதினார். இடைப்பாட்டுப் போடுவதற்கும், ஒரு நாடகத்திலிருந்து ஒரு பேச்சையோ காட்சியையோ பிய்த்து இன்னொன்றில் ஒட்டுவதற்கும் என்ன வேறுபாடு என்றும் கேட்டார். கோரஸை வெட்ட விரும்புகிறவர்கள் அவருடைய 'கவிதையியல்' நூலின் பதினெட்டாம் அத்தியாயத்தை ஒரு முறை வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

இசை தொலைந்துபோய்விட்டதே, எப்படிப் பாடுவது என்பது அடுத்த கேள்வி. தொலைந்துவிட்டது உண்மை. யூரிப்பிடிஸின் 'ஓரெஸ்டஸ்' நாடகத்துக் கோரஸின் சில வரிகள் இசைக் குறிகளோடு ஒரு பாப்பிரஸ் துண்டில் வியன்னாவில் இருக்கின்றன. நடனத்தை ஜாடி ஓவியங்களிலிருந்து ஊகிக்க வேண்டியதுதான். பாஸலில் இருக்கும் ஒரு ஜாடியில் முகமூடி அணிந்த ஆறு பேர் இரண்டிரண்டாக நின்று ஒரே மாதிரி கையை நீட்டி அடி வைக்கிறார்கள். இந்த இழப்பு உங்களுக்குச் சுதந்திரமும் கொடுக்கிறது. எந்த மெட்டிலும் பாடலாம், எந்த அடவிலும் ஆடலாம். பழைய வடிவம் ஒரு உதவியும் செய்கிறது. கோரஸ் பாட்டுகள் பெரும்பாலும் இணை இணையாக வரும். முதல் பத்தியின் யாப்பு அப்படியே இரண்டாம் பத்தியில் திரும்பும். அதனால் ஒரு மெட்டு அமைத்தால் இரண்டு பத்திக்கு ஆகிவிடும், பாடுகிறவர்களுக்கும் மனப்பாடம் எளிது. மொழிபெயர்ப்பாளரிடம் இந்த இணையைக் காப்பாற்றித் தரும்படி முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வழி காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1927இல் ஏவா பால்மரும் ஏஞ்சலோஸ் சிகெலியானோஸும் டெல்ஃபியின் பழைய அரங்கில் 'கட்டுண்ட புரோமிதியஸ்' நாடகத்தை நடத்தினார்கள். கோரஸைப் பாடி ஆடவைப்பதே ஏவாவின் முக்கிய வேலையாக இருந்தது. அதற்காகவே பைசந்திய இசையைக் கற்றார், ஜாடி ஓவியங்களின் நிலைகளைப் படித்தார், உடைகளைக் கைத்தறியில் தானே நெய்தார். பாரிஸில் அரியான் முனூஷ்கின் 1990இல் தொடங்கிய, அகமெம்னனின் அட்ரியஸ் குடும்பத்தைப் பற்றிய நாடகங்களில் கதகளியின் சாயல் கொண்ட ஆட்டத்தோடு கோரஸ் களத்தில் இறங்கியது. நாடகத்தின் இடைவேளை நிரப்பியாக அதை இவர்கள் யாரும் வைக்கவில்லை.

என் வேண்டுகோள்கள் நடைமுறைக்கு ஒத்தவை என்றே நம்புகிறேன். ஒத்திகையைக் கோரஸிலிருந்து தொடங்குங்கள். ஈடிபஸுக்கு யார் என்று தேடுவதற்கு முன் கோரஸுக்கு யார் என்று தேடுங்கள். பதினைந்து பேர் முடியாவிட்டால் எட்டுப் பேர் போதும். அந்த எட்டுப் பேரும் உள்ளே வந்ததிலிருந்து முடிவுவரை களத்தில் இருக்க வேண்டும், நேரில் பாட வேண்டும். பாட்டு நீளமாகப் பட்டால் புராணக் குறிப்பு ஒன்றிரண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள், பாட்டையே எடுக்காதீர்கள். ஒலிப்பதிவை விட்டுவிடுங்கள். அழைப்பிதழில் கோரஸில் இருக்கும் ஒவ்வொருவர் பெயரையும் போடுங்கள். ஆசிரியர்கள் அடுத்த முறை பாடத்தை டிதிராம்பிலிருந்து தொடங்கி, தெஸ்பிஸை அவர் எதிரே நின்ற கூட்டத்தோடு சேர்த்துக் காட்டுங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் ஈஸ்கிலஸின் 'அடைக்கலம் கேட்கும் பெண்கள்' நாடகத்தைச் சொல்வேன். கட்டாயத் திருமணத்துக்குப் பயந்து எகிப்திலிருந்து ஆர்கோஸுக்குத் தப்பி வந்த டனாவுஸின் மகள்கள்தான் அதன் கோரஸ், அவர்களேதான் கதாநாயகியும். நாடகத்தில் ஏறக்குறைய பாதி அவர்கள் பாட்டு. அடைக்கலம் தராவிட்டால் உங்கள் தெய்வச் சிலைகளிலேயே எங்கள் இடைக்கச்சையால் தூக்குப் போட்டுக்கொள்வோம் என்று மன்னனை மிரட்டுகிறார்கள். போர் வரும் என்று தெரிந்தும் அவன் ஊர் மன்றத்தைக் கேட்கப் போகிறான், மன்றம் வாக்களித்து அவர்களை ஏற்கிறது. அகதிகளாக வந்தவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற கேள்வியை இன்றைய மேடைக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பேசுவதற்கு இரண்டு நடிகர்கள் இருந்தால் போதும். முப்பது நாற்பது மாணவர்கள் இருக்கும் வகுப்பில் மீதி எல்லோருக்கும் கோரஸில் இடம் உண்டு. வரும் கல்வியாண்டுக்கு நாடகம் தேர்ந்தெடுக்கும்போது இதை எடுத்துப் பாருங்கள்.

அன்புடன்,
கிரேக்க நாடகங்களின் வாசகன் ஒருவன்